ஆறே முக்கால் மணிக்கு மைனாக்கள்

சுமத்ராவிலிருந்து வருகிற காற்றிடம்
யாரும் கடவுச்சீட்டு கேட்பதில்லை.
விடியுமுன் ஐந்து இருபதுக்கு வந்தது.
ஐந்து முப்பதுக்கு
சாங்கிப் பக்கம் போய்விட்டது.

நான் முதலில் தேடியது செருப்பை.
வாசலில் விட்ட ஜோடியில் ஒன்று
தாழ்வாரத்தின் கடைசி வீட்டுப்
பூந்தொட்டியில் கிடந்தது.
அங்கே யார் இருக்கிறார்கள் என்று
பதினோரு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.
திருவாட்டி க்வெக்.
"உன்னுடையதா?" என்றாள் மலாயில்.
ஆமாம் என்றேன்,
ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

கீழே கார்ப்பேட்டையைக் காணோம்.
ஒரு காடு இருந்தது.
தூங்குமூஞ்சி மரம்
தூக்கம் கலையாமலே சாய்ந்துவிட்டிருக்கிறது.
வேர் மட்டும் எழுந்து நின்றது
இரண்டாம் மாடி எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு,
மண்ணோடு,
துருப்பிடித்த ஒரு பால் டின்னோடு.
அடியில் ஏழு வண்டிகள்.
நாலாவது என்னுடையது.
என்னுடையது என்றால்
நாளொன்றுக்கு எழுபத்திரண்டு வெள்ளிக்கு என்னுடையது.

காப்பீட்டுக்காரி தொலைபேசியில் கேட்டாள்,
மரம் வண்டிமேல் விழுந்ததா,
வண்டி மரத்தில் மோதியதா?
நான் ஆறாம் மாடியில்
படுத்திருந்தேன் அம்மா என்றேன்.
அதை எழுத்தில் தாருங்கள் என்றாள்.

வெற்றுத்தளத்தில்
ஹபீபா ஒரு மேசை போட்டாள்.
கழிகளோடு பறந்த துணியெல்லாம்
ஈரமாய் வந்து குவிந்தன.
தாதியின் சீருடை, ஜூடோ இடைவார்,
பட்டுக்கரை வேட்டி,
யாரும் உரக்கச் சொல்லாத சில உள்ளாடைகள்.
மதியத்துக்குள் எல்லாம் வீடு திரும்பின.
எஞ்சியது ஒரு பறவைக்கூண்டு.
கதவு திறந்திருந்தது.
எவரும் என்னுடையது என்று வரவில்லை.

நாளிதழ் போடுகிற லத்தீஃபுக்குத்
தோள்பட்டை எலும்பு.
"பலத்த காயமில்லை" என்றது
அவர் போட முடியாமல்போன அதே நாளிதழ்.
ரொட்டி டின் ஒன்று மாடி மாடியாய் ஏறியது.
மின்தூக்கி வேலை செய்யவில்லை,
ஆகவே நடந்தே ஏறியது.
நான் பத்து வெள்ளி போட்டேன்.
இருபது போட்டிருக்கலாம்.

இரம்பத்தோடு வந்தவர்களில்
ஒருவன் பெயர் இளம்பரிதி, அறந்தாங்கி.
கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.
ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னான்:
"கஜா புயல்ல அப்பாவுக்கு
நூத்திப்பத்து தென்னை போச்சுண்ணே.
அந்தக் கடனை அடைக்கத்தான் இங்க வந்தேன்.
இங்கயும் பாருங்க, மரந்தான்."
பிறகு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு
என் வண்டியின் கூரைமேல் ஏறினான்,
மன்னிப்புக் கேட்டுவிட்டு.

நாலு மணிக்கு லாரிகள் போயின.
தார்ச்சாலையில் மரத்தூள்,
ஈர மஞ்சளாய்,
வெட்டுப்பட்ட பச்சை வாசம்.
அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம்
புதிதாய் வெயில் வந்துவிட்டது.
திரைச்சீலை போடாத ஜன்னல்கள்
கண் கூசி நின்றன.

இதைச் சொல்லியாக வேண்டும்.
போன மார்ச்சில் நகர மன்றத்துக்கு
ஒரு மனு எழுதினோம்.
மைனாக்கள். சத்தம். எச்சம்.
மரத்தைக் கழித்துவிடுங்கள் என்று.
அறுபத்து மூன்று கையெழுத்து.
பத்தொன்பதாவது நான்.
தினமும் காலையில்
கண்ணாடி துடைப்பவனுக்குத் தெரியும்.

ஆறே முக்காலுக்கு வந்தன.
தெற்கே நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து
வழக்கமான கூட்டம், வழக்கமான கூச்சல்.
கிளை இருந்த உயரத்தில்
காலை நீட்டி இறங்கப் பார்த்து
மறுபடி மேலே போயின.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று.
கூச்சல் மெல்ல நின்றுபோனது,
அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

தாழ்வாரமெங்கும் ஆட்கள்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
பத்து மாடியும் பார்த்துக்கொண்டிருந்தது.
கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று
நான் எண்ணவில்லை.

பிறகு ஒன்று
திருவாட்டி க்வெக்கின் துணிக்கழியில் உட்கார்ந்தது.
அப்புறம் நாலு. அப்புறம் வரிசையாக.
கழியை உள்ளே இழுக்க வந்தவள்
ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றாள்.
விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

நாளைக்கு எச்சம் இருக்கும்.
துடைக்க வண்டி இல்லை.