இந்த வீடு விற்பனைக்கு அல்ல

பாரிகாவில் ஒரு சுவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள்
சிவப்புச் சாயத்தில், கோணலாக:
இந்த வீடு விற்பனைக்கு அல்ல.
ஆள் ஊருக்குப் போன வாரத்தில்
அடுத்தவன் வீட்டை எவனோ எவனுக்கோ விற்றுவிடுகிறானாம்.
லாகோஸில் அதெல்லாம் நடக்கும்.
வாங்க வந்தது யார்?
உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு,
மாதக் கடைசியிலும் எனக்குத் திறக்க வேண்டும்.
அவ்வளவுதான்.

தரகர் சிகிரு முன்னால் போகிறார்.
வெள்ளைச் சப்பாத்து,
சேற்றில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று தெரிந்த கால்.
பார்ப்பதற்கே ஐயாயிரம் நைரா.
இது பதினோராவது வீடு.
பெருக்கிப் பார்க்கவில்லை.

முதல் வீட்டில், கணவர் எங்கே என்றார்கள்.
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறேன்,
சம்பளச் சீட்டு இருக்கிறது என்றேன்.
சீட்டை ஒருமுறை,
என்னை இரண்டுமுறை திருப்பிப் பார்த்தார்கள்.
நான்காவதில் பெயர் கேட்டார்கள்.
எபியேரே.
"ஓ, ஆற்றுப்பக்கத்துப் பெண்ணா?"
பாதி திறந்த கதவு
மீதியைத் திறக்கவே இல்லை.
ஏழாவதில் ஜன்னல் கிடையாது.
வரும் என்றார் சிகிரு,
மழை வரும் என்பதுபோல.

பதினோராவது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

காலி வீடு என்றீர்களே?
"காலியாகப் போகிற வீடு" என்றார்.
அவள் திரும்பவில்லை, கர்ரி மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.
சிறுமி ஒருத்தி தரையில் படுத்துப் பெருக்கல் போட்டாள்.
எங்கள் கால்கள் வந்ததும் நோட்டை நகர்த்தி வழிவிட்டாள்,
பழக்கப்பட்டவள்.

வீட்டுக்கார அல்ஹாஜா வாடகையை இரண்டு மடங்காக்கிவிட்டார்.
மோரெனிகேயால் முடியாது.
என்னால் முடியும், மூச்சைப் பிடித்தால்:
இரண்டு வருட வாடகை முன்கூட்டியே,
தரகு, பத்திரச் செலவு, உடைந்தால் கழிக்க ஒரு தொகை.
சிகிரு விரல்விட்டுச் சொல்ல,
நான் மனசுக்குள் என் வங்கிக் கணக்கைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மோரெனிகே வாயைத் திறந்தாள்.
கிணற்றுத் தண்ணீர் உப்பு.
மேல்மாடி ஜெனரேட்டர் புகை நேரே தொட்டிலுக்கு வரும்.
வெள்ளிக்கிழமை விடிய விடியப் பின்னால் ஜெபக்கூட்டம்.
பாம்பு,
போன வருஷம் இரண்டு,
இல்லை, மூன்று.
"மூன்றாவது மாடியில் பாம்பா?" என்றார் சிகிரு.
"இது தரைத்தளம்" என்றாள் அவள், சிரிக்காமல்.
சிறுமி பெருக்கலை நிறுத்திவிட்டு
என் முகத்தையே பார்த்தாள்,
எது எடுபட்டது என்று.

எதுவும் எடுபடவில்லை, பெண்ணே.
உப்புத்தண்ணீரில் பிறந்தவள் நான்.
அவள் சொல்லாமல் விட்டதைத்தான் பார்த்தேன்:
கட்டிலின் கால்கள் செங்கல்மேல் நின்றன,
ஒவ்வொன்றின் கீழும் நான்கு.
புதுச் சுண்ணாம்புக்கு அடியில்
முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு.
அதை மட்டும் ஏன் சொல்லவில்லை?
வெட்கமா,
இல்லை, எனக்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்றா?

வெளியே வந்து, வேண்டாம் என்றேன்.
சிகிருவுக்குக் கோபமில்லை.
"நாளைக் காலை நாலு பேர் வருகிறார்கள்" என்றார்
சப்பாத்து நுனியைத் துடைத்தபடி.
ஆக, நான் கொடுத்தது
ஒரு ராத்திரி. அதற்குமேல் என்னிடம் இல்லை.
அவள் கேட்கவும் இல்லை.

மஞ்சள் வேனில் எட்டுப் பேருக்கு நடுவே நான்.
பாலத்தின் கீழே கடற்கழி கறுத்துக் கிடக்கிறது.
நடத்துநர் சில்லறை கேட்கிறான்.
நான்கு காலுக்கு நான்கு,
பதினாறு.
ஐந்தாக வைத்தால் இருபது.
செங்கல் இப்போது என்ன விலை என்று
பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறேன்.
கேட்ட பிறகுதான்
நான் கேட்டது எனக்குக் கேட்கிறது.