வெப்ப இழப்பு

நரின் நகரில் டிசம்பர்.
பக்கத்து வீட்டுப் பாப்லர் மரத்தின் நிழல்
இரண்டு மணிக்கே கூரையைத் தின்றுவிடுகிறது.
"வெட்டச் சொல்லட்டுமா?" என்றார் துர்துபெக்.
புருல்சா பதில் சொல்லவில்லை.
சுண்ணாம்புக்கட்டியால் நிழலுக்கு விளிம்பு கட்டினாள்,
இறங்கினாள்,
தொழுவத்தின் தகரத்தில் ஏறினாள்.

அங்கே நாலு மணிவரை வெயில்.
தகட்டை அறுபது பாகை நிமிர்த்தினால்
பனி உட்காராது, வழுக்கிவிடும்.
குழாய்தான் பதினெட்டு மீட்டர் நீளும்,
போகிற வழியெல்லாம் சூடு கசியும்.

உறையாத் திரவம் ஊற்றி,
காற்றுக்குமிழிகளைக் கடைசி ஏப்பம்வரை வெளியேற்றி,
செம்புக்கு நுரைச்சட்டை மாட்டிக்கொண்டே வந்தவள்
கன்றுக்குட்டியின் மூலையில் மட்டும்
ஒரு சாண்
மூடாமல் விட்டாள்.

மாலை,
துர்துபெக் காலுறையைக் கழற்றித்
தரையை மிதித்துப் பார்த்தார்.
இன்னொருமுறை மிதித்தார்.

அவள் கணக்கேட்டில்
இழப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்:
கன்று, ஒன்று.