மான்சீயா வீட்டுச் சிவப்பு

பூந்தா அரேனாசில் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
ஆள் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
யாஸ்னா கயிறு பிடித்து வீடு வந்து சேர்ந்தால்
ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
கையுறையைக் கழற்றுவாள், பால் குடிப்பாள்,
ஏழையும் எட்டையும் பெருக்கித் தப்பாக எழுதுவாள்.
பிறகுதான் வரும்.

முழங்கைக்கு மேல் ஒரு தீவு.
தொடையில் இரண்டு.
தீவுகள் ஒட்டிக்கொண்டு
எந்த வரைபடத்திலும் இல்லாத நாடாகும்.
காய்ச்சல். மூட்டுகளில் குத்தல். கண் இரண்டும் சிவக்கும்.
"தோலுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுறாங்கம்மா" என்பாள்
ஐந்து வயதில்.
இப்போது ஒன்பது. எதுவும் சொல்வதில்லை.
தானே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

என்னதான் செய்யவில்லை?
சோப்பை மாற்றினோம், கம்பளியை மாற்றினோம்,
நண்டை நிறுத்தினோம்,
நண்டு ஆலைச் சம்பளத்தில் சாப்பிடுகிற வீட்டில்.
பூனையைக் கொடுத்தோம். அது மூன்று முறை திரும்பி வந்தது.
ஒவ்வாமை என்றார் ஒருவர். வைரஸ் என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் என்னைப் பார்த்து
"பதற்றப்படும் தாய்மார்கள்..." என்று தொடங்கி
முடிக்காமல் விட்டார்.
அந்த அரை வாக்கியம் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது,
பழைய பேருந்துச் சீட்டுகளோடு.

ஓனோஃப்ரே மட்டும் அலட்டிக்கொண்டதே இல்லை.
"எங்க வீட்டுச் சிவப்பு" என்பான், ஏதோ சொத்து மாதிரி.
அவன் அத்தை எதெல்மீரா கல்யாணத்தன்று
தேவாலயத்தின் கல்குளிரில் நின்றுவிட்டு
விருந்துக்கு வந்தவள் தோள்வரை சிவந்தாளாம்.
வெட்கம் என்றது ஊர்.
படத்துக்குச் சாயம் பூசியவரும்
கன்னத்தில் நிறுத்தாமல் கழுத்துவரை பூசினார்.
அந்த வெட்கத்தைத்தான்
கூடத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம்.

சந்தியாகோவுக்கு விமானம், கடன் வாங்கிய டிக்கெட்டில்.
டாக்டர் இரிபார்னே யாரும் கேட்காததைக் கேட்டார்:
"எத்தனை மணிக்கு வெளியே போனாள்?
எத்தனை மணிக்குத் தடித்தது?"
நான் நோட்டை எடுத்தேன்.
நாலு வருடம். தேதி, நேரம், காற்றின் வேகம்.
அவர் படித்தார். காபி ஆறியது. படித்தார்.
"வீட்டில் வேறு யாருக்காவது?"

இல்லை என்று நான் வாயெடுக்குமுன்
ஓனோஃப்ரே சட்டைக் கையை மடித்தான்.
விமானத்தின் குளிர்க்காற்று விழுந்த கை.
அதே தீவுகள்.
"சாயங்காலம் வரும், காலையில போயிடும்.
எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."
பதினெட்டு வருடம் உறைகிடங்கில்
நண்டுப் பெட்டி அடுக்குகிறவன்.
வேலை முடித்த ஆண்கள் எல்லோருக்கும்
விரல் மடக்க முடியாது என்று நம்பியிருந்தவன்.

பனிக்கால இரவுகளில் என் பாதங்களை
அவன் கெண்டைக்காலோடு ஒட்டி வைத்துத் தூங்கியிருக்கிறேன்.
நல்ல சூடான ஆள் கிடைத்தான் என்று
தங்கையிடம் பெருமையடித்திருக்கிறேன்.
அது காய்ச்சல்.

தலையெழுத்து என்று விட்டதை
டாக்டர் எழுத்துப்பிழை என்றார்.
ஒரு மரபணுவில், ஒரே ஓர் எழுத்து.
காகிதத்தில் வட்டமிட்டுக் காட்டினார்.
யாஸ்னா அதைப் பார்க்கவில்லை.
தன் கையை அப்பா கைக்கு அருகே வைத்து
அளந்துகொண்டிருந்தாள்.
"உன் நாடுதான் பெருசு" என்றாள்,
கொஞ்சம் பொறாமையோடு.

இப்போது தினம் ஓர் ஊசி.
குளிர் ஆகாத பிள்ளையின் மருந்து
குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டுமாம்,
வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவில்.
அனுமதி வந்தது அவளுக்கு மட்டும்.
அவன் காகிதம் எந்த மேசையில் இருக்கிறதோ.
ஆலையில் கேட்டு, கொதிகலன் பக்கம் மாறியிருக்கிறான்.
அங்கே நண்டுகள்தான் சிவக்கின்றன.

சில்லென்று போட்டால் எரிகிறது என்று அழுதாள்.
அதனால் மாலையில் அரை மணி
ஓனோஃப்ரே ஊசியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.
தொலைக்காட்சி ஓடுகிறது. வெளியே கயிறு அதிர்கிறது.
காற்றில் நடந்து வந்த கை.
மருந்துக்கு அந்தச் சூடு போதும்.