பதினோராம் ஆண்டுப் புதுப்பிப்பு

சூரமங்கலத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி
இப்போது எதையும் செய்வதில்லை.
லேத்துகளை எடைக்குப் போட்டாயிற்று.
அவை நின்ற இடத்து போல்ட் ஓட்டைகளில்
துடைப்பம் சிக்கும்போதெல்லாம்
செல்லக்கண்ணு யாரையோ திட்டுகிறாள்.

மிச்சம் ஒரு பீரோ,
பீரோவுக்குள் ஒரு காப்புரிமை.
வறுக்கிற தட்டின் அதிர்வைக் கேட்டே
ஜவ்வரிசியின் ஈரம் சொல்லும் கருவி.
பதினான்கு கோரிக்கைகள், ஆறு படங்கள்.
கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர்,
உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனி.

புனேக்காரர்கள் பிஸ்கெட்டுக்கு வாங்கினார்கள்.
கொரியாக்காரர்கள் எதற்கென்று சொல்லவே இல்லை.
காலாண்டு முடிந்தால் நூற்றுக்கு ஒன்றேகால்
கணக்கில் வந்து விழுகிறது.
மழை பெய்தாலும் காய்கிற களம் எங்களுடையது.

ஆவணியில் ஒரு வீடியோ வந்தது.
ஆத்தூர் வெல்டர் குப்பண்ணன்,
பழைய ஸ்பீக்கர் காந்தம், சைக்கிள் மணி.
தட்டு அதிர்கிறது, மணி அடிக்கிறது,
அள்ளிக் காட்டுகிறார், காய்ந்திருக்கிறது.
"நோட்டீஸ் விடுமுன் பார்த்துட்டு வா" என்றார் எம்.டி.

ஆலை வாசலிலேயே
புளித்த கிழங்குத் தண்ணீர் வாடை.
அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி
தாளோடு கருவியை ஒத்துப் பார்த்தேன்.
முதல் கோரிக்கை, முதல் வரி, சரி.
இரண்டாம் வரியும்.
மூன்றாவதில் விரல் நின்றது:
'தட்டின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்ட.'
அவர் விளிம்பில் வைத்திருந்தார்.

"நடுவுல வெச்சா வெந்துபோயிருமுங்க.
இது தெரியாதுங்களா?"

தெரியாது.
ஆறு மாதத்துக்கு ஒன்று வெந்துபோகிறதென்று
புனேயிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கிறது.
வெப்பத்தாங்கி உறை, பீங்கான் உறை,
என்னென்னவோ எழுதி அனுப்பினேன்.
விளிம்பு தோன்றவில்லை.

இதற்கு நீங்களே விண்ணப்பித்திருக்கலாம்,
வீடியோ போடாமல் இருந்திருந்தால், என்றேன்.
போட்ட நிமிடமே அது யாருக்கும் சொந்தமில்லை;
உங்களுக்குமில்லை, எங்களுக்குமில்லை.
"அதானுங்களே," என்றார்,
"ஏற்கெனவே எட்டு ஆலைல மாட்டிக் குடுத்துட்டேன்.
கூலி வாங்கியாச்சு."

அறிக்கையில் 'மீறல் இல்லை' என்று இரண்டே சொல்.
அதற்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

இன்று புதுப்பிப்புக் கட்டணம் கட்டக் கடைசி நாள்.
கட்டினேன். இன்னும் ஒன்பது வருடம்
நடுப்பகுதி எங்களுடையது.

புனேயிலிருந்து மறுபடி மின்னஞ்சல்:
மூன்று கருவி அவுட்.
'விளிம்பில் வைத்துப் பாருங்கள்'
என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
அனுப்பினால்
அதற்கு எவ்வளவு என்று கேட்பார்கள்.