நாலாம் பட்டியில் தொங்கும் கயிறு

ஹார்ன்காசிலுக்கு வடக்கே
சர்க்கரைக்கிழங்கு வயல்களைத் தாண்டி
ஒரே தகரக் கூரையின் கீழ்
இருநூற்றுப் பதினாறு மாடுகள், ஆறு பட்டிகள்.
வேனிலிருந்து கயிறுகளை இறக்குகிறேன்.

கட்டுவதற்கில்லை என்றேன் ரிமாஸிடம்.
அவன் நம்பவில்லை.
என் மொழியும் நம்பாது:
மாட்டுக்கென்று அதில் உள்ள கயிறெல்லாம்
மூக்கைத் துளைத்து, கழுத்தைச் சுற்றி
முளையில் போய் முடியும்.
இது சும்மா தொங்கும்.
இரவு முழுக்க நக்கட்டும், மெல்லட்டும்.
காலையில் பிழிந்து எடுத்துக்கொள்வேன்.

பார்த்தால் ஒன்றும் தெரியாது.
இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை,
நாளுக்கு ஒன்றரைக் கிலோ எடை ஏறுகிறது.
குடலின் கடைசி வளைவில்
வாசலுக்கு நாலு விரற்கடை உள்ளே
குடியிருக்கிறது அது,
வாடகை தராமல், சண்டையும் போடாமல்.
பிறகு சாணம்.
சாணம் வாலில், வால் விலாவில்,
விலா அடுத்ததன் விலாவில், இடமில்லாததால்;
அடுத்தது அதை நக்கும், மாடு என்பதால்.
தாடையிலிருந்து ஒழுகி
தொட்டியில் கலங்கும் தீவன நீர்,
விளிம்பில் வழுக்கும் பாசி,
இந்தப் பட்டியில் தின்று
அந்தப் பட்டியில் எச்சமிடும் சூறைக்குருவிகள்.

பாசம் என்றால் கயிறு என்று
பள்ளியில் அகராதி பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
எமன் கையில் இருப்பதற்கும் அதே பெயர்.
தன் நாக்கு எட்டாத கழுத்தடியை
இன்னொன்றின் நாக்குக்குக் காட்டி
கண் சொருக நிற்கிறது ஒரு மாடு.
அதுதான் பாதை.

புதன்கிழமை ஆய்வகத்தில்
இளஞ்சிவப்பாய்ப் பூத்த தட்டுகள் ஐந்து.
அவை சாதுக்கள்.
நாலாம் பட்டியின் தட்டு மட்டும்
நிறமற்ற புள்ளிகளாய் வெளுத்துக் கிடந்தது.

திரும்பப் போய், முழங்கை வரை கையுறை மாட்டி
முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
முப்பத்தொன்றில் இல்லை, நாலில் கொஞ்சம்.
ஒன்றில்
பூஜ்ஜியங்கள் நோட்டின் ஓரம் தாண்டின.
காதுப் பட்டையில் 417.
வெள்ளை முகம், இடக்கண்ணைச் சுற்றி மட்டும் செம்மண் வட்டம்.
முதலாளி எப்டன் அதன் முதுகில் தட்டி
"இருக்கிறதிலேயே நல்ல மாடு இதுதான்" என்றார்.
மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்தோம்.
புது வைக்கோல் பரப்பினோம்.
417-ஐப் பிரித்து
பழைய டிராக்டர் நின்ற மூலையில் அடைத்தோம்.
கத்திக்கொண்டே இருந்தது.
ரிமாஸின் மகள் உக்னே, ஆறு வயது,
துணைக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள்.
நான் திரும்பியபோது
கம்பிகளுக்கு நடுவே அவள் உள்ளங்கை,
அதன்மேல் அந்த நீளச் சாம்பல் நாக்கு.

நூறு கிருமி போதும்.
ஒரு குழந்தைக்கு நூறுகூட வேண்டாம்.

"கையை வாயில் வைக்காதே!"
கத்தியது தமிழில்.
அவள் மிரண்டு, அழப்போய்,
கையை வாய்க்குத்தான் கொண்டுபோனாள்.

ஓடி மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.
உதட்டுக்கு அரை அங்குலமோ, அதற்கும் குறைவோ.
குழாயடியில் சோப்பு, விறைக்கும் தண்ணீர்,
விரலிடுக்கு, நகக்கண், மறுபடி விரலிடுக்கு.
ரிமாஸ் ஒன்றும் கேட்கவில்லை.
தன் கைகளையும் நீட்டினான்.

பத்து நாள் தினமும் போன் செய்தேன்.
சாப்பிட்டாள். பள்ளிக்குப் போனாள்.
முன்பல் ஒன்று விழுந்தது.
பதினோராம் நாள் அவனே அழைத்தான்:
417 லாரி ஏறிவிட்டதா என்று
உக்னே கேட்கச் சொன்னாளாம்.

இன்னும் இல்லை.
அடிவயிற்றுச் சாணக் கட்டிகளைக் கத்தரித்து
உலர்ந்த வைக்கோலில் தனியே நிற்கிறது.
இன்று அதற்கு மட்டும் ஒரு கயிறு.
முடிச்சு இறுகும் முன்பே வந்துவிட்டது.
கயிற்றை முகர்ந்து, விட்டுவிட்டு,
என் கையுறையை நக்கியது,
முழங்கை வரைக்கும்.