காற்று: 1,204

ராகிஹள்ளிக்கு அந்தப் பக்கம்
ஒரு தைலமரத்தின் இடுப்பில்
பச்சைப் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு வந்த பெட்டி
பதினெட்டு நாளில் எடுத்த படங்கள்
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

ஞாயிற்றுக்கிழமை.
கீழ்வீட்டில் குக்கரின் நான்காவது விசில்.
கார்டைச் செருகி எக்செல்லைத் திறக்கிறேன்.
வாரம் முழுக்க ஆபீசுக்கு இங்கிலீஷ்;
இந்த ஒரு அட்டவணைக்கு மட்டும்
தமிழில் தலைப்பு வைத்திருக்கிறேன்:
தேதி. மணி. பாலூட்டி.

முதலில் காற்று.
வெயிலில் சூடேறிய புல் அசைந்தால் போதும்,
வெடுக்கென்று விழித்துக்கொள்ளும் சென்சார்.
புல், புல், புல்லின் நிழல்.
உண்ணிச்செடியின் ஒரே கிளை
இருநூறு தடவை தலையாட்டுகிறது
யாரோ கடன் கேட்டதற்குச் சரி சொல்வதுபோல.
அழி.

பசு. பசுவின் வயிறு.
பசு லென்ஸை நக்கியதில்
ஒன்பதாம் தேதி முழுக்கப் பனிமூட்டம்.
முயல், பின்னங்கால் மட்டும்.
முள்ளம்பன்றி, கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல
அத்தனை முள்ளையும் பின்னால் வாரிவிட்டு.
காட்டுப்பன்றியும் கோடு போட்ட குட்டிகள் ஆறும்;
ஏழாவது, அடுத்த படத்தில் ஓடிவருகிறது
பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையாக.

பேட்டரி மாற்றப் போகும்போதெல்லாம்
என் நெற்றி, என் மூக்குத்துளை.
இந்த ஓடைக்கரையில் அதிகம் பதிவான விலங்கு நான்தான்.

பதினொன்றாம் தேதி, மதியம் 2.40.
எதிர்ப்பாறையில்
சுள்ளிக்கட்டை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தி.
முந்தானைக்குள் ஒரு சின்னத் தலை.
முகம் இந்தப் பக்கம்தான், ஆனால் பார்வை
எங்கோ கேள்விப்படாத தூரத்தில்.

மனிதர் விழுந்தால் அழித்துவிட வேண்டும்.
விதி. நல்ல விதி.
மூன்று படம். மூன்றையும் அழித்தேன்.
அழித்த பிறகும் கர்சர்
அந்தத் தலைப்புக்குக் கீழே
விட்டு விட்டு மின்னியது.
பாலூட்டி.

பதினான்காம் தேதி இரவு 9.51.
தலையில் துண்டு, திறந்த வாய்:
கெம்பய்யா பாடிக்கொண்டு போகிறார்.
கால் பாதையில் இல்லை, பாதைதான் காலில்.
9.58.
அதே பாதை, அதே திசை.
கறுப்பு வெள்ளையில் ஒரு சிறுத்தை,
அவசரமே இல்லாமல்,
கடைசி வரிசை டிக்கெட் வாங்கியவன்போல.
ஏழு நிமிடம்.
நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை டீக்கடையில் கெம்பய்யாவிடம் சொன்னேன்.
"சிரதெயா? அதெல்லாம் பன்னேர்கட்டா கூண்டுலதான்க்கா"
என்று பன்னைத் தோய்த்தார்.
போனில் படத்தைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார்,
சிறுத்தையை இல்லை,
பின்னால் இருந்த வேலிக்கல்லை.
"இது நம்ம ரேவண்ணா நிலம்.
கல்லு ரெண்டடி உள்ளே வந்திருக்கு பாரு."

என் டார்ச்சைக் கொடுத்தேன்.
தெரிந்த வழிக்கு வெளிச்சம் எதற்கு என்றார்.
ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே
பாறை விழாதபடி பெட்டியைத் திருப்பிக் கட்டினேன்.
பசவராஜ் கத்தினான்:
சிறுத்தை ஏறிப் படுக்கிற பாறை அது,
இரண்டு வருஷமாக அந்த ஒரு படத்துக்குத்தானே
இத்தனை பெட்ரோல்?
உண்மை. என்னிடம் பதில் இல்லை.
பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கினேன்.

பாறையில் இப்போது யார் வருகிறார்கள்,
யார் இளைப்பாறுகிறார்கள்,
எனக்குத் தெரியாது.

இந்த மாதக் கணக்கு.
பசு: 31.
கீரி: 2.
நான்: 6.
காற்று: 1,204.
டார்ச் வெளிச்சம், ஆள் தெரியவில்லை: 4.
அதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.