ஒறம்பரைக்கு ஒறம்பரை

பல்லடம் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் நூல்மில்.
மிஷின்களைக் கழற்றி விற்ற பிறகு
கூரைக்குக் குடிவந்தவை பழந்தின்னி வௌவால்கள்.
முந்நூறு இருக்குமென்றார் வாச்மேன் சென்னியப்பன்.
ஷிப்டுக்கு ஆள் எண்ணிய பழக்கம்.

வலையிலிருந்து ஒன்றைப் பிரித்து
துணிப்பையிலிட்டு எடை பார்த்தேன்.
எண்பத்தொரு கிராம்.
கழுத்து ரோமத்தை ஊதியதும்
ஓடியது ஒன்று:
ஆறு கால், தவிட்டு நிறம்,
எதையும் பார்க்கமாட்டேன் என்பதுபோல்
தலையை முதுகில் மடித்து வைத்திருந்தது.

"பேனுங்ளா?"
"ஈங்க. றெக்கையில்லாத ஈ."
"பறக்கறதே வாகனமாக் கெடச்சிருச்சு,
அப்பறம் றெக்கை எதுக்குங்!"

நான் தேடுவது ஈயையுமல்ல;
ஈ குடித்த ரத்தத்தில்
ஒட்டி வந்திருக்கக்கூடிய ஒன்றை.
"அப்ப ஒறம்பரைக்கு ஒறம்பரைங்க,"
என்றார், பீடியை அணைத்துக்கொண்டே.

இருக்கலாம்.
ஆனால் அது உண்டு முடித்துச் செரிந்து போவதா,
அங்கேயே பாய் விரித்துப் பெருகி
அடுத்த வீட்டுக்கும் கிளம்புவதா?
வயிற்றில் ஒரு வைரசின் துணுக்கு கிடைத்தால்
சுமப்பவன் என்று எழுதிவிட முடியாது.
வெறும் சாப்பாடாகவும் இருக்கும்.

அப்போதுதான்
கையுறை விளிம்பில் குறுகுறுப்பு.
மணிக்கட்டு நரம்பின் மேல் நின்றது
ஒரு நொடி, யோசிப்பதுபோல.
பிறகு இறங்கி வௌவாலிடமே போய்விட்டது.
கடித்ததா?
தோலில் ஒன்றும் தெரியவில்லை.
வேண்டாமென்று போனதில்
கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

இருபத்தொரு நாள்
காலையும் மாலையும் தெர்மாமீட்டர்.
பொழுது சாய்ந்தால் அவரிடமிருந்து போன்:
"சூடு கீடு இல்லீங்ளே?"
"இல்லீங்க."

மில்லை வாங்கியவர் கல்யாண மண்டபம் கட்டுகிறார்.
பரப்புமா, பரப்பாதா,
ஒத்தை வார்த்தையில் சொல்லுங்க மேடம் என்றார்.
பரப்புமென்றால் நாளைக்கே புகை போடுவார்.
பரப்பாதென்றாலும் போடுவார்,
முகூர்த்த மாதத்துக்கு முன்னால்.
அறிக்கையில் எழுதினேன்:
ஈக்கள் நாற்பத்து நான்கு.
மூன்றின் வயிற்றில் தடயம்.
கடத்துகின்றனவா என்பது இன்னும் தெரியாது.
அவர் படித்துவிட்டு,
"இதுக்கா ஆறு மாசம்?" என்றார்.

இருபத்திரண்டாம் நாள் போன் வரவில்லை.
நானே கூப்பிட்டேன்.
"எனக்குத்தானுங் மேலுக்குச் சொகமில்லை.
மழைல நனைஞ்சது. வேறொண்ணுமில்லீங்."
அவருக்குப் பின்னால்
தகரத்தடியில் றெக்கைகள் விரியும் இரைச்சல்,
செகண்ட் ஷிப்ட் தொடங்கியதுபோல.

மழைதான்.
மழையாகத்தான் இருக்கும்.
தெர்மாமீட்டரை உதறிப் பைக்குள் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.